அண்ணன் திருப்பிய ஏரியல்

என் மகளுக்கு எட்டு வயது; சீனப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. போன பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூருக்கு இக்கரையில் உலு திராமில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்: "அம்மா, அந்த அம்மா நீர்நாய் செத்துப்போச்சு."

நான் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரெங் பொரித்து எடுத்துக்கொண்டு வந்து அப்போதுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "செத்தெல்லாம் போகலடி, வேலைக்குக் கெளம்புது. பாத்துக்கிட்டே இரு, மீனோட வரும்" என்றேன். அந்தக் கார்ட்டூனை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது என்ற திமிர் எனக்கு.

"இல்லம்மா. அந்தத் தாத்தா நீர்நாய் குட்டிகிட்ட சொல்லுது. உங்கம்மா செத்துட்டாங்க, இனிமே வரமாட்டாங்க, நீயே மீன் புடிச்சுக்கணும்னு சொல்லுது."

எனக்குச் சீனம் தெரியாது. அவளுக்குத் தெரியும். கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் திரையைப் பார்த்தேன். ஆற்றங்கரை நாணலுக்குள் பெரிய நீர்நாய் கிடந்தது. அதன் காலை ஓர் இரும்புப் பொறி கவ்வியிருந்தது. கழுத்தில் மஞ்சள் துணி கட்டிய குட்டி அதை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. எழவில்லை. நான் உயிராய் நினைத்திருந்த அந்தக் கார்ட்டூனில் இப்படி ஒரு காட்சி இருப்பதே எனக்குத் தெரியாது. தூக்கிவாரிப்போட்டது. மூன்று முறை பின்னால் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அது செத்துத்தான் கிடந்தது.

ஐந்து வயதில் நான் மிக அதிகமாக நேசித்தது இந்தக் குட்டியைத்தான். அப்போது நாங்கள் உலு திராமைத் தாண்டி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குடியிருந்தோம். தோட்டத்து வீடுகளின் டீவி ஏரியல்கள் எல்லாம் தெற்கே சிங்கப்பூரைப் பார்த்துத்தான் நிற்கும். நல்ல நிகழ்ச்சிகள் அங்கிருந்துதான் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. காற்றடித்தால் படம் போகும், மழை பெய்தால் போகும், சில நேரம் ஒன்றுமே இல்லாமலும் போகும். உடனே ஒருவர் வெளியே ஓடி ஏரியல் கட்டிய இரும்புக் குழாயைப் பிடித்துத் திருப்ப வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கத்த வேண்டும். "தெரியுதா?" "தெரியல, திருப்பு." "இப்ப?" "வருது, வருது, போச்சு." ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டுக்கு வீடு இந்தச் சத்தம்தான். எங்கள் வீட்டில் திருப்புகிறவன் அண்ணன், கத்துகிறவள் நான்.

அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவன். கார்ட்டூன் சிங்கப்பூர் அலைவரிசையில் சீன மொழியில் வந்தது. சனிக்கிழமை மாலை ஒரு தடவை, அதே பாகம் ஞாயிறு காலை மறுபடியும். சனிக்கிழமை மாலை டீவி அப்பாவுடையது. அண்ணனைச் சாமான் வாங்கச் சீனர் கடைக்கு அனுப்பிவிட்டு அவர் செய்தி பார்ப்பார். எனக்குக் கிடைத்தது ஞாயிறு காலைதான். வரக்காப்பியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு நான் உட்கார, அண்ணன் எனக்குத் தமிழில் கதை சொல்வான். தனக்குச் சீனம் தெரியும் என்று அவன் சொல்லியிருந்தான். கடையில் சீனத்தில்தானே பேசுகிறான், அதனால் நான் நம்பினேன்.

அவன் சொன்ன கதை இதுதான். குட்டியின் அம்மா அக்கரையில் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருக்கிறது. குட்டிக்கு மீன் வாங்கிக்கொண்டு கட்டாயம் வரும். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். ஒரு வாரம் ஓவர்டைம். ஒரு வாரம் பெர்மிட் கிடைக்கவில்லை. ஒரு வாரம் சிங்கப்பூர்ப் பாலத்தில் ஜாம். நீர்நாய் நீந்தித்தானே வரும், அதற்கு எதற்குப் பாலம் என்று நான் கேட்டதேயில்லை. அந்தத் தாத்தா நீர்நாய் அம்மாவுடன் வேலை செய்கிறவராம். அவ்வப்போது வந்து குட்டியிடம் சேதி சொல்லிவிட்டுப் போவாராம். கடைசிப் பாகத்தில் அம்மா திரும்பி வந்துவிட்டது. இரண்டும் ஆற்றின் நடுவில் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நீந்தின. நான் சந்தோஷத்தில் ஓவென்று அழுதேன், அண்ணன் என் வாயில் பிஸ்கட்டைத் திணித்தான்.

அந்தக் கதையை நான் சும்மா மனத்தில் பூட்டி வைத்திருக்கவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை. நான் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். காலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ். நான் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்; திரும்ப ஏழரை, எட்டு ஆகும். மூன்று வயதில் அவள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுத நாளில் இந்த நீர்நாய்க் கதையைத்தான் சொன்னேன். அம்மா நீர்நாய் அக்கரைக்குப் போகும், எவ்வளவு நேரமானாலும் மீனோடு வரும், நான்தான் அந்த அம்மா நீர்நாய் என்று சொன்னேன். அன்றிலிருந்து அழுகை நின்றது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "மீன் எங்க?" என்று கேட்பாள். ஏதாவது ஒரு மிட்டாய் கொடுப்பேன். ஐந்து வருடமாக இந்தக் குடும்பம் ஓடுவது அந்தக் கதையின் மேல்தான்.

அப்படிப்பட்ட கதையை அவள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நானே தேடிப் பிடித்துப் போட்டேன். யாரோ பழைய ஒளிநாடாவிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள், அதே சீன மொழியில். என் வினையை நானே விலை கொடுத்து வாங்கியதுபோல் ஆனது.

"நீங்க வரும்னு சொன்னீங்களே" என்றாள் மகள். அழவில்லை. என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு "அப்ப நீங்க?" என்று கேட்டாள்.

ஏதோ உளறினேன். அவசரம் அவசரமாகக் கடைசிப் பாகத்தைத் தேடிப் போட்டேன். அதில்தான் அம்மா வருமே, வந்தால் எல்லாம் சரியாகிவிடுமே. ஆறு வந்தது, இரண்டு நீர்நாய்களும் வந்தன, சுற்றிச் சுற்றி நீந்தின. முப்பது வருடம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த காட்சி அப்படியே இருந்தது. "பாத்தியா, வந்துருச்சு" என்றேன்.

மகள் கொஞ்சம் கேட்டுவிட்டு, "அது அம்மா இல்லம்மா. அவன் பெருசாயிட்டான்ல. அது அவனோட வைஃப்" என்றாள்.

ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு அம்மா வந்துவிட்டாள் என்று அழுதிருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பயங்கரக் கோபம் வந்தது. அண்ணன் என் காதில் பூச்சுற்றியிருக்கிறான், அந்தப் பூவை நான் பத்திரமாக எடுத்து என் மகள் காதிலும் சுற்றியிருக்கிறேன். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்குப் போன் போட்டேன். அண்ணன் யோங் பெங்கில் இருக்கிறான், செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறான். சனிக்கிழமை என்றால் வீட்டில்தான் இருப்பான்.

"அண்ணே, அந்த நீர்நாய் கார்ட்டூன் ஞாபகம் இருக்கா?"

"அலமாக், அத எங்க புடிச்ச?" என்று சிரித்தான்.

"அதுல அம்மா செத்துருது."

சிரிப்பு நின்றது. "பாத்துட்டியா?" என்றான்.

தெரியாமல் சொல்லியிருப்பான், சீனம் புரியாமல் வாய்க்கு வந்ததை அளந்திருப்பான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவன் கேட்ட விதம் அப்படி இல்லை.

"ஒனக்குத் தெரியுமா அது சாவுதுன்னு?"

"தெரியும்லா. சனிக்கெழம கடைக்குப் போவேன்ல, அங்க நின்னு பாத்துருவேன். கடை மொதலாளி தவுக்கே மக இருந்துச்சே, அது மலாய்ல கதைய சொல்லும். மறுநாள் நீ பாக்குறப்ப எங்க என்ன வரும்னு எனக்குத் தெரியும்."

"ஒனக்குச் சீனம் தெரியும்னு சொன்ன."

"அரிசி, முட்டை, சாப்டியா. அவ்ளோதான் தெரியும்."

"அப்ப அந்தக் காட்சிய நான் எப்படிப் பாக்கல?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. முக்கியமான இடம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் படம் போய்விடும். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வெளியே ஓடுவான். திரை முழுக்க வெள்ளையாகக் கொதிக்கும், நான் தொண்டை கிழியக் கத்துவேன், "தெரியலண்ணே, திருப்பு, திருப்பு." படம் திரும்பி வரும்போது குட்டி வேறெங்கோ தனியாக நடந்துகொண்டிருக்கும். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அண்ணன் உள்ளே வந்து, "அம்மா வேலைக்குப் போயிருச்சு" என்பான். நான்தான் வரிசையைத் தலைகீழாக நினைவில் வைத்திருந்திருக்கிறேன்; படம் போனதால் அவன் ஓடவில்லை. அவன் ஓடியதால்தான் படம் போயிருக்கிறது. நான் சரிசெய்யச் சொல்லிக் கத்திய ஒவ்வொரு முறையும் அவன் கெடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"ஏன்ணே?" என்றேன். "ஒரு கார்ட்டூன்தானே. அழுதா அழுதுட்டுப் போறேன்."

"அம்மா அப்ப சிங்கப்பூர்ல இல்ல பாப்பா" என்றான்.

இதை நான் விளக்க வேண்டும். அந்தக் கார்ட்டூன் ஓடிய மாதங்களில் எங்கள் அம்மா வீட்டில் இல்லை. சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் பல பெண்கள் அப்படிப் போய்க்கொண்டிருந்த காலம், அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. அண்ணனின் கதையில் அம்மா நீர்நாய் அக்கரைக்கு வேலைக்குப் போனது எங்கள் அம்மா போனதால்தான் என்பதுகூட எனக்கு வளர்ந்த பிறகு தோன்றியிருக்கிறது. பையன் சாமர்த்தியமாக முடிச்சுப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். அம்மா திரும்பியும் வந்தார். அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் இருந்தார், என் கல்யாணத்தைப் பார்த்தார், கடைசியில் நெஞ்சுவலியில் போனார்.

"இந்தப் பக்கம்தான், ஜேபி ஆஸ்பத்திரில இருந்தாங்க. வயித்துல கட்டி. கேன்சர்" என்றான் அண்ணன். "அப்பாதான் சொன்னாரு, பாப்பாகிட்ட சிங்கப்பூர்னு சொல்லிருன்னு. டாக்டருங்களே ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அந்த நேரத்துல டீவில அது வருது. நான் என்ன செய்ய?"

சமையலறையின் சின்ன ஜன்னலுக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறேன். பத்துமலைக் கோயில் படிக்கட்டின் கீழே நாங்கள் நான்கு பேர், நான்கு பேருக்கும் மொட்டை, சந்தனம் பூசிய தலைகள். அம்மா சிங்கப்பூரிலிருந்து வந்ததும் வேண்டுதல் என்று எல்லோரும் போய் எடுத்த படம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டி "மொட்டைக் குடும்பம்" என்று சிரிப்பேன். அம்மா வீட்டுக்குள் வந்தபோதே தலையில் முக்காடு போட்டிருந்தார், முன்னாடியே முருகனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னார். நானும் நம்பினேன். நம் வீடுகளில் மொட்டைத் தலையைப் பார்த்து யார்தான் காரணம் கேட்கிறோம்?

"அந்த மொட்டை?" என்றேன்.

"அம்மாவுக்குத் தானா கொட்டிருச்சு. நம்ம எல்லாரும் எடுத்துருவோம், அப்ப பாப்பா கேக்க மாட்டான்னு அப்பா சொன்னாரு. வேண்டுதலும் உண்மைதான். பொய் இல்ல."

போனைக் காதில் வைத்தபடியே அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். தினமும் பார்க்கிற படம். அம்மா எவ்வளவு ஒல்லியாக இருக்கிறார் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. அப்பாவின் கை அவர் முதுகுக்குப் பின்னால் தாங்கிப் பிடித்திருந்தது. மகள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்து, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். அவ்வளவு ஆத்திரம் வந்தது எனக்கு. "முப்பது வருஷமாச்சு. எனக்குச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலையா? நான் என்ன இன்னும் பிஸ்கட் திங்கிற பிள்ளையா?" என்று கத்தினேன்.

"அம்மா நல்லாயிட்டாங்க. அப்புறம் என்னன்னு சொல்றது? சொல்ல வேணாம்னு அவங்களே சத்தியம் வாங்கிட்டாங்க" என்றான். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல், "நான் கடைசி வரைக்கும் விடாமப் பாத்தேன் பாப்பா. ஒவ்வொரு சனிக்கெழமயும். அது எப்படியாச்சும் திரும்பி வந்துருமான்னு. வரல" என்றான்.

கடையில் எண்ணெய் டின்னுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நின்று, பதினொரு வயதில், அவன் முழுப் படத்தையும் பார்த்திருக்கிறான். அவன் அம்மாவும்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு இது அதுவரை தோன்றவே இல்லை. அந்த வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. எம்மக என்னைய பொய் சொல்றவன்னு பாக்குறா. நீ அளந்த கதைக்கு நீயே வந்து பதில் சொல்லு" என்று போனை வைத்தேன்.

அந்த ஞாயிறு முழுக்க மகள் என் பின்னாலேயே சுற்றினாள். குளியலறை வாசலில்கூட நின்றாள். திங்கள் காலை நான் உடுத்திக்கொண்டு வந்தபோது விளக்கைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன மணிக்கு வருவீங்க? உண்மைய சொல்லுங்க" என்றாள்.

"ஏழரை. ஜாமா இருந்தா எட்டு."

தலையை ஆட்டினாள். சாயங்காலம் வந்தபோது வாசலில் நின்றாள், மீன் எங்கே என்று கேட்கவில்லை. பையிலிருந்த மிட்டாயை எடுத்துக் கொடுக்க எனக்கும் கை வரவில்லை. ஒரு வாரம் அப்படித்தான் போனது. ஐந்து வருடக் கதை போய்விட்டது, அதன் இடத்தில் வைக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் வந்தான். யோங் பெங் மீன் உருண்டை ஒரு பெரிய பை நிறைய. தொப்பையும் நரைத்த மீசையுமாக சோபாவில் உட்கார்ந்தவன் முன்னால் மகள் போய் நின்றாள்.

"மாமா, நீங்க ஏன் எங்கம்மாகிட்ட பொய் சொன்னீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நீயே சொல்லு என்பதுபோல் நான் மகளைக் காட்டினேன். "ஒங்கம்மா அழுக ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. தோட்டமே எழுந்துரும்" என்றான். மகள் சிரிக்கவில்லை. "அது பதில் இல்ல" என்றாள். எனக்கே அவன்மேல் இரக்கம் வந்தது.

"சரி, போடு. நாம மூணு பேரும் பாப்போம். பாத்துட்டுச் சொல்றேன்" என்றான்.

மகள் முதல் பாகத்தைப் போட்டாள். பழைய பாட்டு வந்தது. அண்ணன் தொடையில் தாளம் போட்டான். குட்டி கரையில் உருண்டது, அம்மா அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டது, அண்ணன் வாயைத் திறந்து சிரித்தான். பிறகு நாணல் வந்தது. அம்மா நீர்நாய் குட்டியைப் புதருக்குள் தள்ளிவிட்டுத் திரும்பியது.

அண்ணன் எழுந்தான். "கார் லைட்ட அணைச்சேனான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனான். காலை பதினொரு மணி, கொளுத்துகிற வெயில். யோங் பெங்கிலிருந்து யாரும் லைட் போட்டுக்கொண்டு வந்திருக்க முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரின் பக்கம்கூடப் போகாமல், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

திரையில் பொறி மூடியது. குட்டி மூக்கால் தள்ள ஆரம்பித்தது.

"முடிஞ்சிருச்சா பாப்பா?" என்று அங்கிருந்தே கேட்டான். நாற்பத்து நான்கு வயது ஆளின் குரலா அது?

"தெரியலண்ணே" என்று கத்தினேன். "திருப்பு. இன்னும் கொஞ்சம் திருப்பு."

அவன் தோள்கள் ஒருமுறை குலுங்கின. மகள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "படம் நல்லாத்தானே தெரியுது?" என்று என் காதில் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் எழுந்து போய் ஜன்னல் வழியே மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தாத்தா நீர்நாய் பேச ஆரம்பித்தது. அது என்ன சொல்கிறது என்று எங்கள் மூவரில் அவளுக்கு மட்டும்தான் புரியும்.

"இப்ப?" என்று வெளியிலிருந்து கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கத்தினாள். "இல்ல மாமா, இன்னும் தெரியல. அங்கயே இருங்க."